சிரித்த வரைக்கும்

உலகம் அழிந்த பிறகு நடக்கும் சண்டைப் படம் ஒன்றின் முன்கதை ப்ளூரே டிஸ்க்காக வெளிவந்த வாரம், எஸ்தர் அதை வாங்கிக்கொண்டு ஸ்டன்ட் மாஸ்டர் தணிகாசலத்தின் வீட்டுக்கு வந்தாள். அந்தப் படத்தின் படப்பிடிப்பில் நாயகனுக்குப் பதிலாகக் கோபுரத்திலிருந்து குதித்து இறந்த ஜெபராஜ் அவள் கணவன்.

“படத்துல அவரு மூஞ்சியே தெரியாது மாஸ்டர். ஷூட்டிங் நடந்தப்ப எடுத்த வீடியோவ இதுல போட்டிருக்காங்களாம். எங்கிட்ட பிளேயர் இல்ல.”

தணிகாசலத்தால் மறுக்க முடியவில்லை. திரையில் ஜெபராஜ் சிரித்தான். பிறகு இடுப்புக் கயிற்றை இழுத்துப் பார்த்து, “இன்னொரு கயிறு போட்டுக்கலாமா மாஸ்டர்?” என்றான்.

“வெளிச்சம் போவுது, குதிடா” என்று அன்று பதில் சொன்னவர் அவர்தான். அடக்கத்தின்போது எஸ்தரிடம், அவனாகவே அவசரப்பட்டுக் குதித்துவிட்டான் என்று சொல்லியிருந்தார். இப்போது திரையில் தன் குரல் வருவதற்குள் ரிமோட்டை அழுத்தி நிறுத்தினார்.

“டிஸ்க்குல கீறல் போலம்மா.”

“பரவால்ல மாஸ்டர். சிரிச்ச வரைக்கும் இன்னொரு தடவ போடுங்க.”

போட்டார். அவள் மறுபடி கேட்டாள். மூன்று முறையும் அதே இடத்தில் நிறுத்தினார். நான்காம் முறை ரிமோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.