காற்றுப் புகாத கதவு

போனில் அளவு சொல்லிப் புதுக் கதவு மாட்ட வரச்சொன்ன பெண்மணியை நேரில் பார்த்ததுமே கதவுக்காரருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இப்படி ஓர் ஏமாளி மாதத்துக்கு ஒருத்தர் கிடைத்தால் போதும்.

அவள் பின்பக்கத் தோட்டத்தில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். "முன்பக்கம் வேணாண்ணே, இப்பத்தான் தரையைத் துடைச்சேன். இப்படி வாங்க."

தோட்டத்துப் பக்கம் இருந்த பழைய இழுவைக் கண்ணாடிக் கதவைக் காட்டினாள். "ஏசி போட்டா குளிரெல்லாம் இந்த இடுக்கு வழியா வெளியே ஓடிடுது. கரண்ட் பில்லைத் தொட்டாலே ஷாக் அடிக்குது."

"தோட்டத்துக்கும் சேர்த்து ஏசி போட்டிருக்கீங்க!" என்று சிரித்தார். "கவலைய விடுங்கம்மா. நம்மளது இரட்டைக் கண்ணாடி. உள்ள குளிர் உள்ளயே, வெளிய சூடு வெளியவே."

வண்டியில் இருந்ததோ ஒற்றைக் கண்ணாடி. ஓரத்தில் கறுப்பு ரப்பர் பட்டையை ஒட்டி, இரட்டை என்று வேஷம் கட்டியிருந்தார். இதுவரை ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை. தட்டிப் பார்த்துவிட்டு, விஷயம் தெரிந்தவர்கள் போலத் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

பழைய கதவின் பூட்டு அசைய மறுத்தது.

"துருப் பிடிச்சிருக்கும். நெம்பிடுங்கண்ணே, எப்படியும் குப்பைக்குத்தானே போகுது."

கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். கதவு கையோடு வந்தது.

"தூசி பறக்கும், சாமான்களை மூடி வெச்சுட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனவள், இரண்டு பெரிய பைகளோடு வெளியே வந்தாள். "நகைநட்டை மட்டும் அக்கா வீட்ல குடுத்துட்டு வந்துடறேன். வெளியாளுங்க வேலை பார்க்கற இடம் பாருங்க... தப்பா நினைச்சுக்காதீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. "என்னம்மா, என்னைப் பார்த்தா திருடன் மாதிரியா இருக்கு?"

நாணயஸ்தன் என்று காட்ட, பைகளைத் தானே தூக்கிப்போய், அவள் வரவழைத்திருந்த வாடகைக் காரில் ஏற்றினார். நல்ல கனம்.

"பக்கத்துல நின்னு பார்க்கணும்னு இருந்தேன். உங்களை நம்பித்தாண்ணே விட்டுட்டுப் போறேன்."

கார் தெருமுனை திரும்பியது. கூடவே நின்று கண்ணாடியை நோண்ட ஆளில்லை! விசிலடித்தபடியே புதுக் கதவைப் பொருத்தி முடித்தார். கடப்பாரையைக் கையில் எடுத்தபோது முன்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வந்துவிட்டாள் போலிருக்கிறது. பவ்யமாக ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு திரும்பினார்.

பயணப் பெட்டியும் சாவியுமாக நின்ற ஓர் ஆள் அலறினார்: "யாருய்யா நீ? பூட்டிட்டுப் போன எங்க வீட்டுக்குள்ள எப்படி வந்தே?"