வாய் திறந்த படம்

போட்டோவைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அடைக்கலம் ஒரு நிமிஷம் கைகூப்பி நின்றான். காலமானவர்களின் படம் என்றால் அவன் அப்படித்தான் வேலையைத் தொடங்குவான். போட்டோவில் இருந்த பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும்.

"வேதவதி. என் ஆம்படையா," என்றார் வக்கீல் சேஷாத்ரி. "இந்த ஒரு போட்டோதான் இருக்கு. தில்லை நகர்ல புது வீடு கட்டிண்டிருக்கேன். கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடி ஹால்ல ஆளுயரப் படமா மாட்டியாகணும்."

அடைக்கலம் உறையூர்க்காரன். சினிமாக் கொட்டகைகளுக்குப் பேனர் வரைகிறவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் திருச்சியில் முகம் எழுத அவனை மிஞ்சி ஆள் இல்லை. அதனால்தான் வக்கீல் அவனை ஸ்ரீரங்கத்துக்கு, வடக்குச் சித்திரை வீதியில் இருந்த தன் வீட்டுக்கே வரவழைத்திருந்தார். போட்டோ வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு.

முதல் நாள் முழுக்க வரைந்தான். புடவை வந்தது, நகை வந்தது, முகம் வரவில்லை. சாயங்காலம் டர்பன்டைனில் துணியை நனைத்து முகத்தை மட்டும் துடைத்து அழித்தான்.

"அம்மா எப்படி சார் இருப்பாங்க? கலகலன்னு பேசுவாங்களா?"

"பாடுவா. எப்பப் பார்த்தாலும் பாடிண்டேதான் இருப்பா. கிராமபோன் பிளேட்டுகூட ஒண்ணு வந்தது." வக்கீல் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "அதெல்லாம் முடிஞ்சுபோன கதை."

"அந்தப் பிளேட்டைப் போடச் சொல்லுங்க சார். பாட்டுக் கேட்டாத்தான் எனக்குக் கை ஓடும். என் பட்டறையில ரேடியோ பாடாம நான் பிரஷ்ஷைத் தொட மாட்டேன்."

"இந்த ஆத்துல பாட்டுச் சத்தமே கூடாது."

"அப்ப முகம் வராது சார். நான் போயிட்டு வரேன்."

அவன் நிஜமாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரைக்கும் போய்விட்டான். "சரி, நாளைக்கு ஒரு நாள் பார். அப்புறம் பேசிக்கலாம்" என்றார் வக்கீல்.

மறுநாள் பத்து மணிக்கு வக்கீல் கோர்ட்டுக்குக் கிளம்பினார். கார் தெருமுனை திரும்பியிருக்கும். சாத்தியிருந்த உள்கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் பாட ஆரம்பித்தது.

நேற்றுப் பேசியதைக் கேட்ட யாரோ இரக்கப்பட்டுப் பிளேட்டைப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான் அடைக்கலம். மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு பிரஷ்ஷை எடுத்தான்.

அவனுக்கு ராகத்தின் பெயரெல்லாம் தெரியாது. குரல் கீழே இறங்கியபோது தாடைக்கு அடியில் நிழல் தானாக விழுந்தது. அது மேலே ஏறி நின்றபோது, தொண்டையில் துளி சிவப்பைத் தொட்டு இழுத்தான். ஒரு நரம்பு எழுந்தது. போட்டோவில் அந்த நரம்பு இல்லை. பாட்டில் இருந்தது.

உதட்டோரம் மட்டும் பிடிபடவில்லை. வைத்தான், "சே!" என்று அழித்தான். மறுபடி வைத்தான், மறுபடி அழித்தான். உள்ளே அதே வரி திரும்ப வந்தது. அடுத்த தடவை இன்னும் நிதானமாக வந்தது. நாலாவது தடவை வந்தபோது படத்தில் உதடு திறந்துகொண்டது.

இப்படியே ஐந்து நாள். வக்கீல் வருவதற்குள் பாட்டு நின்றுவிடும். அடைக்கலமும் படத்தின்மேல் துணியைப் போட்டுவிடுவான்.

ஆறாம் நாள் கோர்ட்டிலிருந்து சீக்கிரமே திரும்பிய வக்கீல், நேரே வந்து துணியை இழுத்தார்.

"என்னய்யா இது?"

"பாடுறாங்க சார்."

"போட்டோவுல வாய் மூடித்தானே இருக்கு? குடும்பப் பொம்மனாட்டி வாயைப் பொளந்துண்டு ஹால்ல நிக்கறதா? வரவா எல்லாம் என்ன நினைப்பா? மூடு அதை."

"மூட மாட்டேன்."

"என்ன சொன்னே?"

"புடவைக் கலரை மாத்தச் சொல்லுங்க, மாத்துறேன். இன்னும் ரெண்டு நகை போடச் சொல்லுங்க, போடுறேன். வாயை மட்டும் மூடச் சொல்லாதீங்க."

"கொட்டகைக்காரா அத்தனை பேரும் என் கட்சிக்காரா, தெரியுமோல்லியோ? நான் ஒரு வார்த்தை சொன்னா நாளைலேர்ந்து உனக்கு இந்த ஊர்ல ஒரு பேனர் கிடைக்காது."

அடைக்கலத்துக்குப் பொண்டாட்டியும் மூன்று பிள்ளைகளும் கண்முன் வந்து போனார்கள். ஆனாலும் பிரஷ்ஷைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, பெட்டியைச் சாத்தினான்.

"தாராளமாச் சொல்லுங்க சார். சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சுப் பொழைச்சுக்கறேன். இது நான் வரைஞ்ச வாய் இல்லை, அந்தப் பாட்டு வரைஞ்சது. அதை மூட என் கை வராது."

"எந்தப் பாட்டு?"

"நீங்க கோர்ட்டுக்குப் போனதும் உள்ளே தினம் பிளேட்டு வைக்கிறாங்களே, அந்தப் பாட்டுதான்."

வக்கீலின் முகம் வெளுத்தது. "உளறாதே! அந்தப் பிளேட்டை உடைச்சுக் குப்பையில போட்டுப் பன்னெண்டு வருஷமாச்சு!"

உள்கதவு திறந்தது. தலை நரைக்கத் தொடங்கிய ஓர் அம்மாள் நிலைப்படியைத் தாண்டி ஹாலுக்கு வந்து, படத்தின் எதிரே நின்றாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வேதவதி, உள்ள போடி!" என்று கத்தினார் வக்கீல்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அடைக்கலத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"வாயை மூட வேண்டாம். நாளைக்கு இவர் ஆத்துல இருக்கறச்சேயே பாடறேன்."