க்ளெஃப் நின்ற இடம்

லாஸ்பேட்டை வீட்டில் எட்டு மாதமாகப் படுத்த படுக்கையாய்க் கிடந்தார் சந்திரமோகன். இனி அவருக்கு யாரையும் தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் செல்லோ வாத்தியத்துக்காகக் கையால் எழுதிவைத்த இசையை, மனைவி சத்யப்பிரியா கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

அதில் ஓரிடம் இருவருக்கும் பழைய சண்டை. ஸ்வரங்களைப் படிக்கும் முறையை மாற்றுகிற க்ளெஃப் குறி, குட்டி ஸ்வரங்களுக்கு முன்னால் வரவேண்டும் என்பாள் அவள். பின்னால்தான் என்பார் அவர்.

அவள் முன்னால் வைத்துச் சேமித்து மூடுவாள். மறுநாள் காலை திறந்தால் அது பின்னால் போய் நிற்கும். அந்த வீட்டில் வேறு ஆளில்லை. அவருக்கோ விரல்கூட அசையாது.

"ஏங்க, இந்த நெலமையிலயும் விட்டுக்குடுக்க மாட்டீங்களா?" என்று கஞ்சி ஊட்டிக்கொண்டே வைவாள். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆனாலும் அன்றைய பொழுதை ஓட்ட அவளுக்கு அந்தச் சண்டை போதும், பாருங்கள்.

"சாஃப்ட்வேர் கோளாறுதான்க்கா அது. சரி பண்ணித் தரட்டா?" என்றான் எதிர்வீட்டு செல்வகுமார்.

"வாணாம்ப்பா, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை கஞ்சியை ஆற வைத்துவிட்டுத் திறந்தாள். க்ளெஃப் அவள் வைத்த இடத்திலேயே, முன்னால் நின்றது.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானே அதைப் பிடித்துப் பின்னால் நகர்த்தி வைத்தாள். அதற்கப்புறம்தான் அவர் கிடந்த உள்ளறைக்குப் போனாள்.