மஞ்சள் வளையம்

"அந்தக் குழாய் இல்லம்மா" என்று தராசண்ணன் மூன்றாவது முறையாகச் சொன்னார். சொல்லும்போதே கால் தானாக நகர்ந்து, பின்னால் இருந்த ஸ்டாண்டை மறைத்துக்கொண்டு நின்றது.

எதையும் கையில் வாங்கியே எடையைச் சொல்லிவிடுவார் என்பதால் கடைத்தெருவில் அவருக்கு அந்தப் பெயர். இரும்போ பித்தளையோ, எது கேட்டாலும் அவர் வாயில் இல்லை என்ற சொல் வராது. அப்படிப்பட்டவர் பட்டப்பகலில் வந்த வாடிக்கையைத் துரத்துகிறார் என்றால், விலையை ஏற்றத்தான் என்று யாருமே நினைப்பார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கேட்ட விலை தருவதாகச் சொன்னாள்.

அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கிளைடர் என்று எஞ்சின் இல்லாமல் காற்றை நம்பியே பறக்கும் பழைய விமானம் ஒன்று வீட்டு ஷெட்டில் வெகுகாலமாகக் கிடக்கிறதாம். அதைத் தானே பழுது பார்க்கிறாளாம். இறக்கை ஆயிற்று, அதன்மேல் போர்த்தும் துணி ஆயிற்று. பாக்கி ஒரே ஒரு குழாய். குரோமியம் கலந்த மெல்லிய எஃகு. அதைச் செய்த ஆலையையே மூடிவிட்டார்கள், இப்போது அது குதிரைக்கொம்பு. நாலு ஊர் அலைந்துவிட்டு இங்கே வந்திருக்கிறாள்.

அது எந்த இடத்தில் வரும் என்று பேச்சுக்குக் கேட்டார். ஓட்டுபவரின் கைப்பிடிக்கும் வாலுக்கும் நடுவில் என்றாள்.

"இப்படி இழுத்தா வால் அசையும், மூக்கு மேல தூக்கும்" என்று வலது கையை மூடி, வயிற்றை நோக்கி இழுத்துக் காட்டினாள். பேச்சு வேறு பக்கம் போன பிறகும் அந்தக் கை மூடியபடியே இருந்தது.

தெருவில் ஒரு லாரி போயிற்று. கடையில் இருந்த நூறு குழாய்களும் அதிர்ந்தன. தராசண்ணன் காதில் விழுந்தது என்னவோ ஒரு குழாயின் சத்தம் மட்டும்தான். பதினோரு வருஷமாக இப்படித்தான். அதை விற்கவும் மனசு வரவில்லை, உருக்கப் போடவும் துணிச்சல் இல்லை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அது அதிரும். மனைவி கேட்டால் காதில் ஏதோ கோளாறு என்பார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? அவள் எட்டிப் பார்த்துவிட்டாள். "அதோ இருக்கேண்ணே. நுனியில மஞ்சள் வளையம். நல்ல எஃகுக்கு ஆலையிலயே அந்த வளையம் போட்டுத்தானே அனுப்புவாங்க?"

அது வேறொருவருக்கு எடுத்து வைத்தது என்று சமாளித்தார். அவள் கேட்கவில்லை. ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு போய், இடது கையால் குழாயை உருவித் தோளில் சாய்த்துக்கொண்டாள். விட்டால் இன்னொரு உயிர் போகும். வாயைத் திறந்தால் கடை போகும், இத்தனை வருஷத்துப் பெயர் போகும்.

"கீழ வைம்மா. அந்த வளையம் நான் பூசினது."

பிறகு மென்று முழுங்காமல் சொல்லிவிட்டார். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு மெக்கானிக் ஒரு கிளைடருக்காக இதே ரகக் குழாயைக் கேட்டு வந்தார். சரக்கு தீர்ந்திருந்தது. இல்லை என்று சொல்ல வீம்பு விடவில்லை. அதே பருமனில் கிடந்த சாதாரணக் குழாய்கள் இரண்டில் மஞ்சள் பெயின்ட் பூசி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மெக்கானிக் ஒன்றை எடுத்துப் போனார். மற்றது இது.

"மூணாம் நாள் அந்தக் கிளைடர் விழுந்துடுச்சும்மா. பின்னால இருந்த அண்ணன் போயிட்டாரு. கூடப்பொறந்ததுதான் முன்னால ஓட்டிச்சாம், உயிர் மட்டும் தப்பிச்சது. எல்லாமே நொறுங்கிக் கிடந்ததுல எது முதல்ல உடைஞ்சதுன்னு யாருக்கும் தெரியல. பயத்துல கைப்பிடிய இழுக்கவே இல்லன்னு ஓட்டினவங்க மேல எழுதிட்டாங்க. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் வாய மூடிக்கிட்டேன்."

அவள் தோளிலிருந்து நழுவிய குழாய் தரையில் விழுந்து, உருண்டு, சுவரில் இடித்து நின்றது. போலீசுக்குப் போவாளோ, தெருவைக் கூட்டுவாளோ என்று அவர் காத்திருந்தார். அவளோ மூடியே இருந்த வலது கையை மெல்ல விரித்து, உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் இழுத்தேன்."