நாய்க்கு வெட்டிய கத்தரிக்கோல்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருத் துரைக்கண்ணு சொன்னது.

அறுபத்தெட்டாம் வருஷம், மே மாதம். மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி தன் வெள்ளைச் சடை நாயைத் தெருவிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். முடியெல்லாம் சிக்குப் பிடித்து, வெயிலில் கம்பளி போர்த்திய மாதிரி சாக்கடை ஓரம் இரைத்துக்கொண்டு கிடக்குமாம்.

ஒரு நாள் அது பாதி உடம்பாக நடந்து வந்தது. பின்சந்தில் சலூன் பழனி அதற்கு முடி வெட்டியதை யாரோ பார்த்திருந்தார்கள்.

தறிக்கார நமச்சிவாயத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மனுக்கு நேர்ந்துகொண்ட பட்டுப்புடவை அப்போது அவர் தறியில் இருந்தது. குளிக்காமல் தறியைத் தொடாதவர். நாலு பேரோடு சலூனுக்கே போய்விட்டார்.

"ஏம்பா, நாய்க்கு வெட்னியா?"

"ஆமாங்க. வெயில் தாங்காம செத்துக்கினு இருந்துது. ஒட்ட வெட்டல. ஒட்ட வெட்டினா தோலு வெந்துடும். ஒரு வெரக்கட உட்டுட்டுதான்..."

"அந்தப் பக்குவத்த யார் கேட்டாங்க? எந்தக் கத்திரில வெட்ன?"

பழனி மேசைமேல் இருந்த தன் கத்தரிக்கோலை ஒரு தரம் பார்த்தார்.

"என்னுதுலதாங்க."

"அத்தயே எங்க தலையிலயும் வெப்பியா?"

கூட வந்திருந்த தர்மனுக்கும் நாய்க்கும் ஒரே கிராப்பு என்று யாரோ கிண்டல் செய்தார்களாம். தர்மன் சிரிக்கவில்லை. காலையில்தான் முடி வெட்டிக்கொண்டு அந்த நாற்காலியிலிருந்து எழுந்து போயிருந்தார்.

அந்தக் கத்தரிக்கோல் இருக்கும்வரை தெருவில் ஒருவரும் பழனியிடம் தலை கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. அவரிடம் இருந்ததே அது ஒன்றுதான். கல்யாண மாசம் வேறு. மறுபேச்சில்லாமல் எடுத்துப்போய் அவர்கள் கண்ணெதிரே பாழுங்கிணற்றில் போட்டார். வேறொன்று மெட்ராஸிலிருந்து வரும்வரை பதினெட்டு நாள் கடை பூட்டிக் கிடந்தது.

இரக்கம் இருக்க வேண்டியதுதான், தொழிலில் சுத்தம் வேண்டாமா என்றார் துரைக்கண்ணு. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

இருந்தாலும் எழுதுவதற்கு முன் நமச்சிவாயத்தின் மனைவி ரேணுகாம்பாளை ஒரு வார்த்தை கேட்டேன். நமச்சிவாயம் காலமாகி இரண்டு வருஷமாகிறது. அந்த அம்மாள் எழுந்துபோய், தறியில் இழை வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து வந்தார்.

"இத்தாலதாம்பா வெட்னாரு. அந்த நாய் எங்க பின்வாசல்லயே படுத்துக்கினு இருக்கும். பாக்க முடியல. நான்தான் பழனிய கூப்ட்டேன். அவரு கத்திரிய எடுக்க மாட்டேன்னாரு, நாலு பேர் தலையில வெக்கிறதுன்னு. இத்த நான் குடுத்தேன். அன்னிக்கு அவரு உண்மைய சொல்லியிருந்தா எங்க வூட்டுக்காரர், இந்தக் கத்திரி பட்டதுன்னு அம்மன் பொடவைய தறியோட அறுத்துப் போட்டிருப்பாரு. என்னையும் வெச்சிருக்க மாட்டாரு. இனிமே நீ எழுதலாம்."

நேற்று பழனியிடம் போய் இதைச் சொல்லி, உண்மையா என்று கேட்டேன்.

"அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சுபா," என்றார். "மறந்து பேசறாங்க."