பூட்டாத பொட்டி

"உண்ட வூட்டுக்கே ரெண்டகமா?"

மொதலாளி காசிநாதன் மேஜைல தட்டுன தட்டுல டீ கிளாஸு குதிச்சுது.

எதிர்ல நின்னது ஜெசிந்தா. எங்க அஞ்சு மீன் வண்டில நாலாவது வண்டிய ஓட்றவ. கடப்பாக்கத்துல மீன ஏத்துனா, ஐஸு கரையறதுக்குள்ள செங்கல்பட்டு மார்க்கெட்டுல எறக்கிடுவா. நான் எல்லப்பன், மூணாவது வண்டி. செவுத்தோரமா பல்லி மாதிரி ஒட்டிகினு நின்னேன். கதவாண்ட மொதலாளியோட ஒரே புள்ள கார்த்தி. ஒண்ணாம் நம்பர் வண்டி அவன் கைல. மூலைல லேப்டாப்போட ஹபீபா.

"ரெண்டகம் இன்னா மொதலாளி? பொட்டிய பூட்டல. அவ்ளோ தான்" அப்படின்னா ஜெசிந்தா.

அந்தப் பொட்டியப் பத்திச் சொல்லிட்றேன். எங்க வண்டிங்க எல்லாத்துலயும் ஸ்டேரிங்குக்குக் கீழ ஒண்ணு கீது. ரோட்டுல பக்கமா வர்ற வண்டியோட பொட்டிகிட்ட அதுவே பேசிக்கும். "தரைப்பாலத்துல தண்ணி எவ்ளோ?"ன்னு இது கேக்கும். தெரிஞ்சா அது சொல்லும். நீ யாரு, எந்தக் கம்பெனின்னு ஒரு வார்த்த கேக்காது. சேதி எவன்கிட்ட இருந்தாலும் வாங்கிக்கும், அடுத்து கேக்கறவனுக்குக் குடுக்கும். டவரே வேணாம். மழை பேஞ்சா எங்க பக்கம் டவரு என்னிக்கு இருந்துச்சு?

மனுசனுக்கு இல்லாத நல்ல புத்தி அந்தப் பொட்டிக்கு. மொதலாளிக்கு அது பொறுக்கல. போன மாசம் ஆர்டரு போட்டாரு. "நம்ம வண்டி நம்ம வண்டியோட மட்டும் பேசட்டும். செல்லுல பூட்டு போடுங்க." நாங்க நாலு பேரும் வாயப் பொத்திகினு போட்டுட்டோம். ஜெசிந்தா போடல.

இந்தத் திங்கக்கெழம காலைல பேய் மழை. எதிர்ல யானை வந்தாலும் தெரியாது. "பாலம் முங்கிடுச்சு, திரும்பு"ன்னு பொட்டி கத்துச்சு. எங்க அஞ்சு வண்டியும் திரும்பி, சுத்து வழில போய்ச் சேந்துச்சு.

போட்டிக்காரன் மோசஸுக்கு மூணு வண்டி. அதுல மோசஸே ஓட்டிகினு போனது தண்ணில முங்கிச்சு. ஊரு சனம் கயிறு போட்டு ஆள இழுத்துக் காப்பாத்துச்சு. பின்னால வந்த ரெண்டு வண்டியும் தப்பிச்சு மார்க்கெட்டுக்கு வந்துடுச்சு. அது தான் மொதலாளிக்கு வயித்தெரிச்சல்.

"மோசஸோட ரெண்டு வண்டிக்கும் உன் பொட்டி தான் சேதி குடுத்துகீது. ஹபீபா பாத்துச் சொல்லிட்டா. அதுங்களும் முங்கியிருந்தா அன்னிக்கு மார்க்கெட்டே என்னுது!"

"வண்டி முங்கினா டிரைவரும் முங்குவான். அவனையும் எடை போட்டு விப்பீங்களா?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள இந்த ஒரு ஸ்டேரிங்க நம்பித் தான் படிக்க வெச்சுகினு கீறா. இவளுக்கு இன்னா தைரியம்!

"வாய் நீளுதா? என் பொட்டி, என் சேதி. அத எடுத்து எவனுக்கோ ஊத்துவியா? ஊரான் வூட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேன்னுல்ல கீது! மன்னிப்பு எழுதிக் குடு. இப்பவே பூட்டு. இல்லாட்டி சாவிய வெச்சுட்டு நடையக் கட்டு."

ஜெசிந்தா இடுப்புல இருந்து சாவிய எடுத்தா. மேஜைல வெச்சா.

"தண்ணிக்கு நேரா போறவன நிறுத்தி, நீ எந்தக் கம்பெனின்னு கேக்க எனக்கு வராது. பூட்ட மாட்டேன். ஆவறத பாருங்க."

"சும்மா போயிடுவியா? என் சேதியத் திருடினன்னு ருசுவோட எழுதி வாங்கிட்டுத் தான் வுடுவேன். ஹபீபா, அந்த முத்திரைய எடும்மா!"

பொட்டிங்கள மாட்டிக் குடுத்த பொண்ணு தான் ஹபீபா. ஒரு சேதி பத்து வண்டி மாறினாலும், மொதல்ல சொன்ன வண்டியோட முத்திரை அதுல அழியாம இருக்குமாம். லேப்டாப்புல தேடினா. மறுபடியும் தேடினா.

"சார், முத்திரை நம்மளது இல்ல."

"பின்ன எவனுது?"

"மோசஸ் வண்டியோடது. முங்கிச்சே, அதே வண்டி. என்ஜின் நின்னதும் அனுப்பிகீது."

ஹபீபா பேசிகினே போனா.

"பூட்டுனா குடுக்கறது மட்டும் நிக்காது சார், வெளிய இருந்து வாங்கறதும் நின்னுடும். மோசஸ் வண்டி கத்துனது ஜெசிந்தாக்கா பொட்டிக்கு மட்டும் தான் கேட்டுச்சு. அங்கேர்ந்து தான் நம்ம மத்த நாலு வண்டிக்கும் போச்சு. மொதல்ல வாங்குனது ஒண்ணாம் நம்பர். அப்போ அது பாலத்துக்கு நூறடி தூரத்துல கீது."

நெய்யி யாரு வூட்டுதுன்னு தெரிஞ்சு போச்சு. மொதலாளி நாற்காலில சாஞ்சாரு.

கார்த்தி வந்தான். அப்பா மூஞ்சியப் பாக்கல. மேஜைல கெடந்த சாவிய எடுத்து ஜெசிந்தா கைல வெச்சான். அப்பறம் தன் செல்ல அவகிட்ட நீட்டுனான்.

"யக்கா, இந்தப் பூட்ட எப்பிடி எடுக்கறதுன்னு காட்டு."