இடப்பக்க ஸ்பீக்கர்

"ஸ்பீக்கரத் தொடாத, பழசே இருக்கட்டும். கதவுக்குள்ள இருக்கறத எவன் பாக்கப்போறான்?" என்றார் மாமா. என் அக்காவின் வீட்டுக்காரர்.

உப்பளம் ஏரியாவில் ஒரு கார் ஆக்சசரீஸ் கடை வாசலில் நின்றிருந்தோம். விஜயராகவன் மாமாவுக்குப் பெரிய டச் ஸ்கிரீன் வேண்டுமாம். அரியாங்குப்பத்தில் அவர் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அதோடுதான் போய் இறங்க வேண்டுமாம்.

வெளியே தெரிவதெல்லாம் புதுசு. தெரியாததெல்லாம் பழசு. மனிதர் வீட்டையும் அப்படித்தான் வைத்திருக்கிறார். ஹாலில் தோல் சோபா, சமையலறையில் ஒழுகும் குழாய்.

"ரைட் சைடு ரெண்டும் அவுட்டு. ஓடறது ஓடட்டும்" என்று கடைக்கார முகிலனிடம் சொன்னார். இரண்டு ஸ்பீக்கர் செத்துப்போனதில் அப்படியென்ன பெருமையோ.

அக்கா தீபலட்சுமி இடது முன்சீட்டை விட்டு இறங்கவே இல்லை.

"அக்கா, டீ சொல்லட்டா?" டிரைவர் பக்க ஜன்னலில் குனிந்து கேட்டேன்.

அவள் நேராகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வருடமாகவே இப்படித்தான். கூப்பிட்டால் திரும்புவதில்லை. கார் வந்துவிட்டது, தம்பி கண்ணுக்குத் தெரியவில்லை. காரை வாங்கி அலட்டுகிறவனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதில் ஏறி உட்கார்ந்து மூஞ்சியை இறுக்கிக்கொள்கிறவர்களைப் பொறுக்க முடியாது.

"மகாராணிய ஏன் மச்சான் கேக்கற? நைட் டூட்டி பாக்கறவன் வாங்கித் தர டீயெல்லாம் அவங்க குடிக்க மாட்டாங்க" என்று மாமா சிரித்தார்.

நானும் சிரித்தேன்.

பழைய செட்டைக் கழற்றும் முன் முகிலன் அதை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தான். எதையோ திருகினான். திடீரென்று வலப்பக்கக் கதவு அதிர்ந்தது.

"சார், இது அவுட்டு இல்ல. யாரோ சவுண்டு பேலன்ஸ ஃபுல்லா லெஃப்ட்ல தள்ளி வெச்சிருக்காங்க."

அக்கா அவசரமாக அவன் பக்கம் திரும்பினாள்.

"அத மாத்தாதீங்க தம்பி. புதுசுலயும் இந்தப் பக்கமே வைங்க. அந்தப் பக்கம் எனக்குக் கேக்காது."

மாமாவின் சிரிப்பு நின்றது.

"போன வருஷம் பாத்ரூம்ல வழுக்கி உழுந்தா இல்ல? அதுல." யாரும் கேட்காமலே சொன்னார்.

விழுந்தது எங்களுக்குத் தெரியும். கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம். காதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

முகிலன் புது செட்டை மாட்டி முடித்தான். மாமா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மீன் கடை பல்பு மாதிரி ஸ்கிரீன் பளிச்சென்று எரிந்தது. சத்தம் வைத்துப் பார்க்க இடது கையைத் தூக்கினார்.

அக்கா கதவோடு ஒட்டிக்கொண்டாள். தோள் தானாக ஏறி வலது காதை மூடியது.

அவர் கை ஸ்கிரீனுக்குத்தான் போனது.

"சவுண்டு எப்படி மச்சான்?" என்றார், பல்லெல்லாம் தெரிய.

"அக்கா, எறங்கு" என்றேன்.

அவள் திரும்பவில்லை. நான் நின்றிருந்தது வலப்பக்கம்.

வண்டியைச் சுற்றிப் போய் இடது கதவைத் திறந்தேன். குனிந்து, அந்தக் காதில் சொன்னேன்.

"எறங்குக்கா. நம்ம வூட்டுக்குப் போலாம்."

உள்ளே மாமா என்னவோ கத்தினார். அது பாட்டுச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

அக்கா காலால் செருப்பைத் தேடினாள்.